யாரும் வாங்க வராத கோட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்தச் சலவைக்கடையில் பாய்லரை அணைத்துவிடுவார்கள். வாரம் முழுக்கப் புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அது அடங்கியதும் வீடே திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருக்கும். அங்கே கடை வேறு வீடு வேறு இல்லை. முன்னால் துணி வாங்கிக் கொடுக்கிற மேசை, நடுவில் தேய்க்கிற கூடம், பின்னால் சமையலும் படுக்கையும். சமையலறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றாலும் சோப்பு வாடைதான் முதலில் மூக்கில் ஏறும்.

மற்றவர்களுக்கு அது ஓய்வு நேரம். மருமகளுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. சட்டையை முகர்ந்தே இது குழம்புக் கறை, இது எண்ணெய்க் கறை என்று சொல்லிவிடுவாள். அச்செழுத்து மட்டும் அவளுக்குக் கலங்கிப்போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கண் வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே படிக்கப்போவதாகச் சொல்லி, பழைய இதழ்களைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தாள். படித்து முடித்த இதழ் அந்த நிமிஷமே அவள் கைக்குப் போய்விட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அந்த வீட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

கதை எழுதுகிறவள் எதிர் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். தெருவில் அவளுக்குக் கதைக்காரம்மா என்று பெயர். பெண்கள் வீட்டுக்குள் படுகிற பாட்டைத்தான் எழுதுவாள். அவள் கதையில் கொலை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒருத்தி பாலைப் பொங்கவிட்டு அடுப்பு முன்னால் மலைத்துப்போய் நிற்பாள், அதற்கே படிக்கிறவர்களுக்கு நெஞ்சை அடைக்கும். இப்போது வருகிற கதை ஒரு தையற்கடைக்காரன் மனைவியைப் பற்றியது. மாமியாருக்கு அது உயிர்.

அன்றைக்கும் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேத்திகள் இரண்டு பேரும் அவள் மடியில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகச் சாய்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் புருஷன் இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வினிகரில் நனைத்த துணியால் அடித்தகட்டில் ஒட்டிய கஞ்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கதை கேட்கிறதாக அவன் ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

"எங்க விட்டோம்? அவ நாத்தனார் பட்டன் டப்பாவைத் தூக்கி எறிஞ்சா. அதுக்கப்புறம்?" என்றாள் மாமியார்.

"அதுக்கப்புறந்தான் அத்தை. 'அவள் தரையில் சிதறிய பட்டன்களைப் பொறுக்கி முடித்தபோது எல்லோரும் தூங்கியிருந்தார்கள். தையற்கடையின் மூலையில்...'"

வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்கு வாய் ஒரு வரியில் இருந்தால் கண் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அவள் கண் போய்விட்டது. மூலையில் யாரும் வாங்க வராத ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது என்று இருந்தது. அதன் உள்பாக்கெட்டில்தான் அவள் பிள்ளை உண்டாகாமலிருக்கிற மாத்திரைகளை ஒளித்து வைத்திருந்தாள் என்று இருந்தது.

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

ஏனென்றால் அந்தக் கோட்டு கதையில் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கூடத்தின் மூலையில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ என்றைக்கோ கொடுத்துவிட்டுப் போனது. வாடிக்கையாளர் விட்டுப்போன துணியை விற்கவோ உடுத்தவோ கூடாது, ஆள் வரும்வரை தொங்கத்தான் வேண்டும் என்பது செத்துப்போன மாமனார் வைத்த சட்டம். அதனால் அதை யாரும் தொடுவதில்லை. மூலையைப் பெருக்குகிற அவள் மட்டும் தினமும் காலையில் அதன் உள்பாக்கெட்டில் கையை விடுவாள்.

இரண்டாவது பெண் பிறந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்கவேயில்லை. இன்னொன்று வேண்டாம், உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். 'கொஞ்ச நாள் வேண்டாம்' என்று புருஷன் காதில் விழுந்தது. அவனுக்கு ஒரு பையன் வேண்டும். கடையின் பெயர்ப்பலகையில் 'மகன்' என்று எழுத இடம்கூட விட்டு வைத்திருந்தான். மருந்துக்கடைக்குத் தனியாகப் போய் நிற்க அவளால் முடியாது. கதைக்காரம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வெளுக்க வருகிற துணியில் பாக்கெட் பார்த்து, இருப்பதை எடுத்து வைப்பது மருமகளின் வேலை. கதைக்காரம்மாவின் மேல்சட்டைப் பாக்கெட்டில் மாத்திரை அட்டை வரும். அது கோட்டுக்குப் போய்விடும்.

"மூலையில என்னடி?" என்றாள் மாமியார். "நின்னுட்டே?"

"எழுத்து மங்கலா இருக்கு அத்தை. 'தையற்கடையின் மூலையில்... ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அவள்... மிட்டாய் ஒளித்து வைத்திருந்தாள்.'"

"மிட்டாயா?"

"ஆமா அத்தை. மிட்டாய்."

சின்னது கைகொட்டிச் சிரித்தது. "எந்த மிட்டாய்ம்மா? உருண்டையா, சப்பையா?"

"உருண்டை" என்றாள். அதற்குப் பிறகு தாளில் இருந்ததையும் இல்லாததையும் கலந்து அவள் எப்படிப் படித்து முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதைக்காரி எழுதிய வரியில் மாத்திரை வருகிற இடமெல்லாம் மிட்டாயைப் போட்டாள். டாக்டர் வருகிற இடத்தில் பல் டாக்டரைக் கொண்டுவந்தாள். பயந்தவளுக்கு வருகிற புத்தி இருக்கிறதே, அது சும்மா இருக்கிறவளுக்கு வராது.

"கழுதை வயசாச்சு, மிட்டாய்க்கு இவ்வளவு அழுகையா?" என்றாள் மாமியார்.

ஜன்னலோரத்திலிருந்து புருஷன் தலையைத் தூக்காமலே சொன்னான். "புருஷனுக்குத் தெரியாம ஒளிச்சா, மிட்டாயா இருந்தா என்ன, வேற எதுவா இருந்தா என்ன? பொய் பொய்தான்."

அவன் கோபத்தில் கத்துகிறவன் இல்லை. கோபம் ஏற ஏற அவன் குரல் இறங்கும். அவனுக்கு முதலில் ஒருத்தி இருந்தாள். சினிமாவுக்குப் போனதை மறைத்துக் கடைத்தெருவுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் அவள் துணிகளை அவனே மடிப்புக் கலையாமல் தேய்த்து, பெட்டியில் அடுக்கி, வாசலில் வைத்துவிட்டான். இவளிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான், அதுவும் மெதுவாக: "போறவங்க தனியாத்தான் போகணும். பிள்ளைங்க இங்கதான்." இவளுக்கு ராத்திரி கனவில் வருவது அந்தத் தேய்த்து அடுக்கிய பெட்டிதான்.

"தொடரும்" என்று படித்து முடித்ததும் மாமியார் கையை நீட்டினாள். இதழைக் கொடுக்காமல் என்ன செய்வது? கொடுத்தாள்.

சாயங்காலம் புருஷன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலாற நடக்கப் போனான். மாமியார் உள்ளே படுத்திருந்தாள். மாத்திரைகளை முதலில் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், அடுப்பில் போட்டாலும் சரி என்று அவள் மூலைக்கு ஓடினாள். கோட்டின் உள்பாக்கெட்டில் கையை விட்டாள். ஒன்றுமில்லை. பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். மற்றப் பாக்கெட்டுகளையும் பார்த்தாள். கீழே தரையைத் தடவினாள். காலையில் எடுத்து விழுங்கியபோது இருந்த அட்டை சாயங்காலம் இல்லை.

யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரோ என்றால் இரண்டு பேர்தான்.

*

திங்கட்கிழமை, தேய்த்த திரைச்சீலைகளைக் கையில் தாங்கிக்கொண்டு எதிர் மாடிக்கு ஏறினாள். கதைக்காரம்மா மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடி, முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"கோட்டை எதுக்கு அக்கா போட்டீங்க?"

கதைக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இவள் உட்காரவில்லை. திரைச்சீலையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்தினேன்டி. சலவைக்கடையைத் தையற்கடையா மாத்தினேன். ரெண்டு பொண்ணை மூணு பொண்ணா மாத்தினேன். மாமியாரை நாத்தனாரா மாத்தினேன். கோட்டை மட்டும் மாத்த முடியல. மாவு டப்பான்னு எழுதிப் பார்த்தேன், மரப்பெட்டின்னு எழுதிப் பார்த்தேன். கதை படுத்துடுச்சு."

"கதை படுத்தா நீங்க எழுப்பிடலாம். நான் படுத்தா யாரு அக்கா எழுப்புவா?"

"உன் புருஷன் இதெல்லாம் படிக்க மாட்டான்னு நினைச்சேன். ஆம்பளைங்க அடுப்படி வந்தாலே பக்கத்தைத் திருப்பிடுவாங்க. உன் மாமியாருக்குத்தான் கண்ணு தெரியாதே."

"நான் படிச்சுக் காட்டுறேனே! வாய்விட்டு! வீடே கேக்க!"

ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கதவுக்கும் பின்னால் என்ன நடக்கிறது என்று எழுதுகிறவளுக்கு, தன் கதை ஒரு வீட்டில் எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரியவில்லை. "ஒருத்தி தனியா உக்காந்து மனசுக்குள்ள படிப்பான்னுதான் நான் எப்பவும் நினைச்சுக்கறது" என்றாள், சின்னக் குரலில்.

"என் வீட்டுல தனியா உக்கார இடம் ஏது?"

"மாத்திரையை அங்கேருந்து எடுத்துட்டியா?"

"நான் எடுக்கல. யாரோ எடுத்துட்டாங்க."

கதைக்காரம்மா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "வேற அட்டை இருக்கு, கொண்டு போ. திரைச்சீலைக்குள்ள வெச்சு..."

"வேணாம் அக்கா. நான் பாக்கெட் பார்க்கறதை யார் பார்க்கறாங்கன்னு இனிமே எனக்குத் தெரியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரக் கதையில என்ன வருது? அதையாவது சொல்லுங்க."

"அச்சுக்குப் போயிடுச்சு."

"என்ன வருது?"

"புருஷனுக்குச் சந்தேகம் வருது. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப அவன் கோட்டுக்குள்ள கையை விடறான். அதோட தொடரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னன்னு இன்னும் எழுதலடி."

"எழுதறப்ப கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலைகளை நாற்காலியில் வைத்து, மடிப்பைச் சரிசெய்து, அவள் இறங்கிப்போனாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

*

அந்த வாரம் அவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள்.

புருஷன் டீ கேட்டால், ஏன் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறான் என்று பயந்தாள். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று பயந்தாள். தண்ணீர் தெளித்துச் சுருட்டிய துணிமூட்டைகளை அவன் தூக்கி வரும்போது அவன் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மாமியார் வழக்கம்போல முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களை அவர்கள் செருப்புச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லி வரவேற்றாள். அவள் முகத்திலும் ஒன்றுமில்லை. வெள்ளை படிந்த கண்ணில் எதைப் படிப்பது? ராத்திரியில் உடம்பு சரியில்லை என்று சொல்லி மருமகள் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டாள். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததுதான் அவளைத் தின்றது.

வாரக்கடைசியில், அவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நடக்காதது நடந்தது. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரை எப்போதும் இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்குத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் முனையில் சுருக்கு விழும். ஒரு முனையிலிருந்து நடுவுக்கு வந்தவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். தீய்ந்த வாடை வந்தபிறகுதான் கையைத் தூக்கினாள். காலரில் பழுப்பாகப் பெட்டியின் மூக்கு பதிந்திருந்தது.

புருஷன் வந்து சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என்ன யோசனை?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்குக் காலர் தீயாது."

"தலைவலிங்க."

"தலைவலின்னா சொல்லணும். எதுன்னாலும் சொல்லிடணும். மறைச்சா எனக்குப் பிடிக்காதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க."

அவன் சட்டையை மெதுவாக மடித்தான். அவன் கைகள் மடித்து மடித்துச் சின்னதாக்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே விளையாடுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷமே, தெரிந்திருந்தால் இவ்வளவு நேரம் பொறுத்திருப்பானா என்றும் தோன்றியது. இரண்டில் எது மேல் என்றுகூட அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.

ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதையைத் தயார்செய்தாள். கஞ்சி கரைக்கும்போது கொஞ்சம், உருளைக்கிழங்கு உரிக்கும்போது கொஞ்சம். மிட்டாய்ப் பெட்டியை எறும்பு காட்டிக்கொடுக்கும், நாத்தனார் கண்டுபிடிப்பாள், அவளும் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். நல்ல கதை. கதைக்காரம்மா எழுதியதைவிட நல்ல கதை என்று ஒரு கணம் அவளுக்கே கர்வமாகக்கூட இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பாய்லர் அணைந்தது. பேத்திகள் வந்து உட்காரப்போனபோது மாமியார், "நீங்க ரெண்டு பேரும் வெளியில போய் விளையாடுங்க. வாரம் பூரா வீட்டுக்குள்ளயே கிடக்கறீங்க" என்று அனுப்பிவிட்டாள். மருமகள் பத்திரிகையைப் பிரித்தாள். தொண்டையைச் செருமினாள். ஒரு முறைக்கு இரண்டு முறை செருமினாள்.

"குடு இங்க" என்றான் புருஷன்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் வினிகர்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தான்.

"உனக்குத் தொண்டை கட்டியிருக்கு. இன்னிக்கு நான் படிக்கிறேன்."

"இல்லீங்க, நல்லாத்தான்..."

"குடு."

பிடுங்கவில்லை. கையை நீட்டினான், அவ்வளவுதான். அவள் விரல்கள் தாங்களாகவே விட்டுவிட்டன. அவன் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, சலவைத் துணியில் கட்டிய அடையாளச் சீட்டைப் படிக்கிறவன்போல ஒவ்வொரு வார்த்தையாகப் படிக்கத் தொடங்கினான். கதையின் தலைப்பைப் படித்தான். எழுதியவள் பெயரைப் படித்தான். அதற்குக் கீழே கட்டம்கட்டி 'இதுவரை' என்று போட்டிருந்தது. எல்லாத் தொடர்கதைக்கும் இருக்கிற முன்கதைச் சுருக்கம். அவள் அதை என்றைக்கும் படித்ததில்லை, போன வாரம் கேட்டவர்களுக்கு இந்த வாரம் எதற்கென்று தாண்டிவிடுவாள். வாரம் முழுக்க யோசித்தவளுக்கு அந்தக் கட்டம் மட்டும் ஞாபகத்துக்கே வரவில்லை.

"'மூன்று பெண்களைப் பெற்ற அவள், இனியொரு பிரசவம் உயிருக்கே ஆபத்து என்பதால், பிள்ளை உண்டாகாமலிருக்கும் மாத்திரைகளை, யாரும் வாங்க வராத ஒரு கோட்டின்...'"

நிறுத்தினான். அந்த வரியை மனசுக்குள் மறுபடி படித்தான், உதடு அசைந்தது. பிறகு அவளைப் பார்த்தான்.

"போன வாரம் மிட்டாய்னு படிச்சே."

அவள் அவன் கையிலிருந்த பத்திரிகையையே பார்த்தாள்.

"மரப்பெட்டின்னு படிச்சே. இங்க கோட்டுன்னு போட்டிருக்கு. மாத்திரைன்னு போட்டிருக்கு." குரல் இறங்கிக்கொண்டே போனது. "எதுக்கு மாத்திப் படிச்சே?"

பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவள் துணிகள் மடிப்புக் கலையாமல் அதற்குள் இருந்தன. வெளியே பெண்கள் இரண்டு பேரும் ஏதோ விளையாட்டில் கத்துகிற சத்தம் கேட்டது. இனி அந்தச் சத்தத்தை எங்கே நின்று கேட்பது என்று நினைத்தாள். அழக்கூட வரவில்லை.

"நான்தான்டா மாத்திப் படிக்கச் சொன்னேன்" என்றாள் மாமியார்.

புருஷன் திரும்பினான். "நீயா?"

"நான்தான். போன ஞாயித்துக்கிழமை காலையிலயே நம்ம வாடிக்கை டீச்சர் துணி வாங்க வந்தப்ப, கதையில என்ன வந்திருக்குன்னு கேட்டேன், சொன்னா. பொம்பளைப் பிள்ளைங்க ரெண்டும் மடியில உக்காந்திருக்கறப்ப, மாத்திரை கீத்திரைன்னு படிக்கச் சொல்றியா? சின்னது அது என்னன்னு கேட்டா நீ சொல்லுவியா? அதான் இவளைக் கூப்பிட்டு, அந்த இடம் வந்தா வேற எதையாவது போட்டுப் படின்னேன். இவளுக்கு மிட்டாய்தான் கிடைச்சுது. கற்பனை அவ்வளவுதான்."

மருமகள் மாமியாரின் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை.

புருஷன் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு எழுந்தான். நேராக மூலைக்குப் போனான். கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தான். அவனும் சலவைக்காரன்தான், பாக்கெட் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்பாக்கெட்டை வெளியே இழுத்தான். பக்கப் பாக்கெட்டுகளை இழுத்தான். மார்புப் பாக்கெட்டை விரலால் துழாவினான். லைனிங் துணியை மேலிருந்து கீழே வரை அழுத்தித் தடவினான். பழைய பஞ்சுப் பிசிறு கொஞ்சம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அவன் தேடுகிறான் என்றால் அவன் எடுக்கவில்லை என்று, அந்தப் பயத்திலும் அவளுக்குப் புரிந்தது.

"இது நம்ம கோட்டுதான். அந்தப் பொம்பளை நம்ம கோட்டைத்தான் எழுதியிருக்கா" என்றான்.

"வாரா வாரம் கடைக்கு வர்றவ, கண்ணுல பட்டிருக்கும், எழுதியிருப்பா. நாளைக்கு உன் மூக்கை எழுதுவா. அதுக்காக மூக்கைக் கழட்டி மேசைமேல வெச்சுப் பார்ப்பியா? எடுத்து மாட்டுடா. உங்கப்பா இருந்தா கோட்டைத் தொட்டதுக்கே கையை உடைச்சிருப்பாரு."

அவன் கோட்டை மாட்டினான். தோள் சரியாக உட்காருகிற மாதிரி இழுத்துவிட்டான். பிறகு, "அந்தப் பொம்பளையோட துணியை இனிமே நம்ம கடையில வாங்க வேண்டாம்" என்றான்.

"வர்ற வாடிக்கையை எதுக்குடா விடணும்? இவ வாங்க வேண்டாம். நான் வாங்கிக்கறேன். பாக்கெட்டும் நானே பார்த்துக்கறேன். எனக்குக் கண்ணுதான் போச்சு, விரல் போகல." மாமியார் காலை மாற்றி நீட்டிக்கொண்டாள். "சரி, நின்ன இடத்துலேருந்து படி. கதை என்னாச்சு?"

அவன் உட்கார்ந்து படித்தான். வேறு வழியில்லை, படித்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு புருஷன் கோட்டுக்குள் கையை விடுகிறதை, அப்போதுதான் கோட்டுக்குள் கையை விட்டு எடுத்தவன் உட்கார்ந்து படித்தான். காது சிவந்துபோயிற்று. 'தொடரும்' வந்ததும் பத்திரிகையை அம்மா கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

அவன் செருப்புச் சத்தம் முனை திரும்புகிறவரை மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. போன உயிர் திரும்பி வந்த அழுகை. மண்டியிட்டு மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை... அத்தை..."

"கையை விடு. கண்ணீர் பட்டா அரிக்குது." மாமியார் கையை உருவிக்கொண்டாள். "டீச்சர் சொன்னது நிஜம். அவ போனதும் போய்க் கையை விட்டேன், இருந்துச்சு. எடுத்துட்டேன். மத்தியானம் நீ உக்காந்து மிட்டாய்னு படிக்கறே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

"டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியுமில்ல அத்தை? நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன். என் பையன் கேக்கற ஆளா? முன்னாடி இருந்தவளை அனுப்பினப்ப நான் வாயைத் திறக்கல. என்ன ஆச்சு? அவ தேய்ச்ச காலரையெல்லாம் நான் தேய்ச்சேன். நீ வர்ற வரைக்கும் ஆவியில நின்னு நின்னு இந்தக் கண்ணு போனதுதான் மிச்சம். நீ செத்தாலும் எனக்குத்தான் கஷ்டம், உன்னை அனுப்பினாலும் எனக்குத்தான் கஷ்டம். வேற ஒண்ணும் இல்ல. ரொம்ப உருகாதே."

"நீங்க எதுக்காகச் செஞ்சாலும் சரி அத்தை." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "குடுத்துடுங்க. வேற எங்கயாவது பத்திரமா வெச்சுக்கறேன்."

"என்கிட்ட இருக்கறதைவிட பத்திரம் ஏது? என் கண்ணு மருந்தோட மருந்தா இருக்கட்டும். யாரும் பார்க்க மாட்டாங்க." மாமியார் பத்திரிகையைத் தடவிச் சுருக்கமெடுத்தாள். "காலையில எனக்கு டீ கொண்டு வருவே இல்ல? அப்ப வந்து ஒண்ணு வாங்கிக்கோ."

"தினமுமா?"

"தினமும்."

"தீர்ந்துட்டா?"

"கதைக்காரி சட்டையில வரும். நான்தானே வாங்கப் போறேன்." பிறகு, பருப்பு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "எனக்கும் ஒரு பேரனைப் பார்க்கணும்னு இருக்கு. இப்ப வேண்டாம். கண்ணு ஆபரேஷன் முடியட்டும், கடையைப் பார்க்க எனக்குத் தெம்பு வரட்டும். எப்பன்னு நான் சொல்றேன்."

"டாக்டர்..."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவா. நானும் ரெண்டு பெத்து ஒண்ணை மண்ணுக்குக் குடுத்தவதான்."

மறுநாள் காலையில் மருமகள் டீ கொண்டுபோனாள். மாமியார் தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்து, விரலால் தடவி ஒரு மாத்திரையைப் பிரித்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இங்கயே முழுங்கு" என்றாள். விழுங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. புருஷன் கோட்டை மறந்துவிட்டான். பெண்கள் மடியிலும் முதுகிலுமாக உட்கார்ந்து கதை கேட்டார்கள். கதைக்காரம்மா அந்தப் புருஷனுக்கு ஒரு வேலை வந்து ஊரைவிட்டுப் போனதாக எழுதி, கதையை ஒருவழியாக முடித்தாள்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் அவள் டீயோடு போய் நின்றபோது மாமியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் பார்க்காத முகம் என்பதால் நேரமெடுத்துப் பார்த்தாள். நெற்றியை, கன்னத்தை, தோளை, இடுப்பை.

"நல்லாத்தான் தேறியிருக்கே" என்றாள்.

"ஆமா அத்தை."

மாமியார் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெயில் நல்லா வந்துடுச்சு, இன்னிக்குப் படுக்கை விரிப்பெல்லாம் சீக்கிரம் காஞ்சிடும் என்றாள். டம்ளர் காலியாகிக்கொண்டிருந்தது. அவள் கை தலையணைப் பக்கம் போகவில்லை.

மருமகள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.